குடியுரிமைக் கட்டணத்துக்கு மூன்றாவது சீட்டு எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கொக்குவிலைச் சேர்ந்தவன். பிரான்சில் பல வருடம் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, 2014இல் குடும்பத்தோடு லண்டன் ஹரோவுக்கு வந்தேன். மனைவிக்கு ஊர் திருச்சி, இந்தியப் பாஸ்போர்ட். மகன் 2012இல் பாரிசில் பிறந்தவன். மகள் 2016இலும் சின்னவன் 2020 செப்டம்பரிலும் இங்கே பிறந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் மூத்த இரண்டு பிள்ளைகளுக்கும் 2019இல் செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்கிற நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. இடையில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததால் மனைவி 2021 டிசம்பர் முதல் 2023 ஜூன் வரை திருச்சியில் இருந்தார். இப்போது சட்டம் மாறுகிறது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு ஏஜென்ட் ஐந்து பேருக்கும் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்துத்தர, தன் கூலியோடு 8,900 பவுண்டு கேட்கிறார். எங்களுக்கு வரும்படி எல்லாம் சேர்த்து மாதம் 3,650. வாடகை 1,750. இரண்டு சீட்டுக்கு 800 கட்டுகிறேன். ஒன்றைத் தம்பியின் வீட்டுக் கூரைக்கும், மற்றதை மனைவியின் அக்கா மகன் கனடா போவதற்கும் ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டேன். ஊருக்கும் மாதம் 200 அனுப்புகிறேன். மூன்றாவதாக ஒரு 10,000 பவுண்டுச் சீட்டு தொடங்குகிறது. இரண்டாம் மாதமே கூறி எடுத்து ஏஜென்டுக்குக் கட்டலாம், குறைவதைக் கிரெடிட் கார்டில் போடலாம் என்று இருக்கிறேன். தம்பி வேறு ஹயஸ் வான் வாங்க 3,000 கேட்கிறான். சீட்டுக் காசைச் சமாளிக்க 2024 கோடை முதல் வார இறுதியில் ஒரு கேட்டரிங் கடைக்கு என் வானில் டெலிவரி ஓடுகிறேன். அது கையில் காசு, கணக்கில் இல்லை. சரியான முடிவா?

பதில்: இல்லை. சீட்டும் வேண்டாம், அந்த ஏஜென்டும் வேண்டாம். குடியுரிமை வேண்டும்தான். அதை இந்த வழியில் எடுக்கப் போனால் காசும் போகும், விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம்.

முதலில் அந்த 8,900. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி பெரியவர் ஒருவருக்கு, குடியுரிமை விழாக் கட்டணம் உட்பட, 1,735 பவுண்டு. பிள்ளை ஒருவரைப் பதிய 1,214. பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் என்று கூட்டினால் 7,112. மிச்சம் ஏறத்தாழ 1,800 அவருடைய கூலி. இந்தக் கணக்கில் உங்கள் சின்னவனையும் சேர்த்திருக்கிறார். அவன் பிறந்தபோது உங்களுக்கு ஏற்கெனவே செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருந்தது. அப்படியானால் அவன் பிறந்த நிமிடமே பிரிட்டிஷ் குடிமகன். 1981ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவனைப் பதியவும் தேவையில்லை, யாருக்கும் 1,214 கொடுக்கவும் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழும், 2020இல் உங்களுக்கு அந்த ஸ்டேட்டஸ் இருந்ததற்கான சான்றும் வைத்துப் பாஸ்போர்ட் எடுங்கள். 2025 கட்டணப்படி ஆன்லைனில் 61.50 பவுண்டு. இதைக்கூடக் கவனிக்காதவரை நம்பி மற்ற நான்கு பேரின் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகிறீர்களா?

மனைவியின் விஷயம் இன்னும் மோசம். ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் காட்டி விண்ணப்பிக்கும் வழியில் போனால் அந்த ஐந்து ஆண்டில் 450 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. உங்கள் மனைவி திருச்சியில் இருந்தது மட்டுமே 540 நாள் அளவில் வருகிறது. தாயாரின் நோயைக் காட்டி விதிவிலக்குக் கேட்கலாம், கொடுக்கவும் செய்வார்கள். ஆனால் அது அதிகாரியின் கையில். மறுத்தால் விழாவுக்கான 130 பவுண்டுதான் திரும்பும்.

அதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. முதலில் நீங்கள் பிரிட்டிஷ் குடிமகன் ஆகுங்கள். பிரிட்டிஷ் குடிமகனின் மனைவிக்கு ஐந்து ஆண்டு வேண்டாம், மூன்று ஆண்டு போதும். அந்த மூன்று ஆண்டில் 270 நாளுக்குள்ளும், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்குள்ளும் வெளியே இருந்திருக்க வேண்டும். 2027 தொடக்கத்தில் விண்ணப்பித்தால் கணக்கு 2024 தொடக்கத்திலிருந்துதான் ஓடும், திருச்சியில் இருந்த காலம் அதற்குள் வராது. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக மூன்று ஆண்டு முன்பு அவர் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அந்தத் தைப்பொங்கலுக்கு அவர் ஊரில் இருந்திருந்தால் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

ஆக, எல்லோருக்கும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும் என்ற அவசரமே இல்லை. ஒரேயடியாகக் கட்டுவதுதான் நட்டம். மொத்தக் காசும் தேவையில்லை என்றால் சீட்டு எதற்கு?

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன். கூரைக்காக நீங்கள் எடுத்த சீட்டின் விவரத்தைத் தனியாக எழுதியிருந்தீர்கள்: 20 பேர், ஆளுக்கு 500, மூன்றாம் மாதம் 2,200 கழிவு கூறி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, 7,800 எடுத்தீர்கள். எடுத்தவர் அதன்பிறகு முழுக் காசு கட்ட வேண்டும். எடுப்பதற்கு முன் மூன்று மாதம் கழிவு போக ஏறத்தாழ 400 வீதம் 1,200 கட்டியிருந்தீர்கள். அதைக் கழித்தால் உங்கள் கைக்கு உண்மையில் வந்த கடன் 6,600. அதற்குப் பிறகு 17 மாதம் 500 வீதம் 8,500 கட்டுகிறீர்கள். 1,900 பவுண்டு வட்டி. மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே வருவதால் இது மாதத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் வருகிறது. ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டீர்கள். சீட்டு என்றதும் சேமிப்பு என்று மனம் நம்பிவிடுகிறது. கடைசி மாதம் எடுப்பவருக்குத்தான் அது சேமிப்பு. முதலில் எடுப்பவருக்குக் கடன். நீங்கள் இரண்டு முறையும் முதலில்தான் எடுத்திருக்கிறீர்கள், இரண்டு முறையும் பிறருக்காக. சீட்டுப் பிடிப்பவர் ஒருநாள் போனை எடுக்காவிட்டால் வங்கிக்கு இருக்கிற வைப்புப் பாதுகாப்பு எதுவும் இதற்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் விளக்கப் போவதில்லை.

வட்டியைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான். சீட்டுக் காசைச் சமாளிக்கக் கணக்கில் வராத டெலிவரி. குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை எல்லோரும் போலீஸ் வழக்கு என்றுதான் நினைக்கிறார்கள். வருமான வரி, கவுன்சில் டாக்ஸ் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதும் அதற்குள்தான் வரும். வாரம் 80 பவுண்டு என்றாலும் ஆண்டுக்கு 4,000. சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரைதான் சொல்லாமல் இருக்கலாம். மிச்சம் 3,000க்கு 20 சதவீதம் என்றால் 600 பவுண்டு வரி. அந்த 600ஐ மறைத்துவிட்டு, 1,735 கட்டி, எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடப் போகிறீர்கள். 2024 கோடையில் தொடங்கியதாகச் சொல்கிறீர்கள். வரித் துறையான எச்எம்ஆர்சியிடம் நீங்களாகவே போய், வருமானக் கணக்கை நாமே கொடுக்கும் செல்ஃப் அசெஸ்மென்டுக்குப் பதியுங்கள். பதிவதற்கான அக்டோபர் 5 தாண்டிவிட்டது, ஆனாலும் அவர்கள் தேடி வரும் முன் நீங்கள் போனால் அபராதம் குறைவு. ஜனவரி 31க்குள் கணக்கைக் கொடுத்து வரியைக் கட்டிவிடுங்கள். அதற்கு முன் குடியுரிமைப் படிவத்தைத் திறக்கவே வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் அரசு வெளியிட்ட குடிவரவு வெள்ளை அறிக்கையில் பத்து ஆண்டு என்று வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதுதான். அந்தப் பத்து ஆண்டுப் பேச்சு இனிமேல் நிரந்தர வதிவிடம் கேட்க இருப்பவர்களைப் பற்றியது. உங்கள் வீட்டில் அது 2019லேயே வந்துவிட்டது. தொடர்ந்து ஐந்து ஆண்டு நாட்டுக்கு வெளியே போய் இருந்தால்தான் செட்டில்ட் ஸ்டேட்டஸ் போகும். மகனின் யூனிவர்சிட்டிக்கும் இதே ஸ்டேட்டஸில் உள்ளூர்க் கட்டணம்தான், மாணவர் கடனும் கிடைக்கும். குடியுரிமை விதிகளிலும் மாற்றம் வரலாம், அதனால் சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. மூன்று வட்டிக்கு ஓடும் அளவுக்கு அவசரம் இல்லை என்கிறேன். ஏப்ரலில் கட்டணம் ஏறிவிடுமே என்பீர்கள். 2024இல் 1,630, 2025இல் 1,735. ஏறியது 105 பவுண்டு. சீட்டில் விடப்போகும் கழிவு 2,000க்கு மேல்.

இப்போது கணக்கு. தோராயமாகத்தான் போடுகிறேன். உங்களுக்கும் மனைவிக்கும் 2025 கட்டணத்தோடு 'லைஃப் இன் தி யுகே' பரீட்சை 50, ஆங்கிலப் பரீட்சை 150 அளவில், ஆளுக்கு 1,935. மனைவி ஆங்கில வழியில் பட்டம் படித்தவர் என்றால் அதைக் காட்டலாமா என்று பாருங்கள், 150 மிச்சமாகலாம். மகனுக்கும் மகளுக்கும் 2,428. வரி 600. மொத்தம் 6,900 அளவில்.

மாதம் 250 எடுத்து வையுங்கள். ஊருக்கு அனுப்பும் 200ஐ 75 ஆக்கினால் அதில் பாதி வந்துவிடும். கூரைச் சீட்டு இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது, அதன்பிறகு அந்த 500உம் சேர்ந்து 750. கனடாச் சீட்டு ஒன்பது மாதத்தில் முடிகிறது, அப்போது 1,050. இப்படிப் போனால் ஆறாம் மாத முடிவில் 1,500, ஒன்பதாம் மாத முடிவில் 3,750. வரியைக் கட்டி, உங்கள் விண்ணப்பத்தையும் மகனின் விண்ணப்பத்தையும் அப்போது ஒன்றாகப் போட்டுவிடலாம். ஜனவரியில் கட்டும் வரிக்கு முதல் மூன்று மாதச் சேமிப்பு சரியாக இருக்கும்.

மகனை உங்களோடு சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவன் பாரிசில் பிறந்தவன். அவனைப் பதிவது உள்துறையின் விருப்ப அதிகாரம். பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் ஆகிறார் என்றால் வழி சுலபம். மகள் அப்படியல்ல. இங்கே பிறந்தவள், பிறகு உங்களுக்கு ஸ்டேட்டஸ் வந்துவிட்டது, எனவே அது அவளுடைய உரிமை. பதினெட்டு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பத்து வயது ஆனால் இலவசம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பத்து வயது வரை இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு வழி உண்டு என்பது சரி, அதற்கும் அதே கட்டணம்தான். பதினோராம் மாதம் அவளுக்கு, பன்னிரண்டாம் மாதம் மனைவிக்கான காசு தயார். அவருடைய விண்ணப்பத்தை மட்டும் நீங்கள் பிரிட்டிஷ் ஆன பிறகு போடுங்கள், உங்கள் முடிவு வழக்கமாக ஆறு மாதத்துக்குள் வரும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணம் அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முன்பு அது 1,012 ஆக இருந்தபோது உள்துறைக்கு ஆன செலவு 372தான் என்று 2019இல் நீதிமன்றத்திலேயே வெளிவந்தது. 2022 ஜூன் முதல், கட்ட முடியாத குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். மாதம் 800 சீட்டுக்கும் 200 ஊருக்கும் போகிற கணக்கைக் காட்டி, கட்ட வழியில்லை என்று சொல்ல முடியுமா?

மனைவி தன் முடிவைத் தானே எடுக்கட்டும். உங்களுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் இருக்கும், பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. இந்தியா தடுக்கிறது. பிரிட்டிஷ் ஆன நாளிலேயே அவருடைய இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுக்க வேண்டும். அப்பா வழி வயல் பங்கு வரும் என்றால் வாரிசாகப் பெறத் தடையில்லை, புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் செட்டில்ட் ஸ்டேட்டஸோடு இருக்கிறேன் என்றால் அதிலும் தவறில்லை. 1,935 பவுண்டு மிச்சம்.

சேர்த்து வைக்கும் காசைச் சாதாரண வங்கிச் சேமிப்பில் வையுங்கள். ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும் கிரிப்டோ, கோயில் மண்டபத்தில் மேசை போட்டு விற்கும் காப்புறுதி முதலீடு, விசாக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்கிற ஆப், எதுவும் வேண்டாம். நாள் குறித்த செலவுக்கான காசு அது.

நான் காசுக் கணக்குப் பார்ப்பவன். குடிவரவு ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் பதிவு வேண்டும். எனவே படிவங்களை அனுப்பும் முன், இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவுள்ள ஒருவரிடமோ சொலிசிட்டரிடமோ ஒருமுறை காட்டுங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கொடுப்பது 1,800 ஆகாது. போகும்போது மனைவியின் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துப் போன நாள், வந்த நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தம்பியின் வானுக்கு இந்த ஒரு வருடம் காசு இல்லை. அதை அவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பார்க்கலாம் என்று இழுத்தால் அங்கே அவர் முற்பணம் கொடுத்துவிடுவார், பிறகு நீங்கள் நான்காவது சீட்டுக்கு எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.