‘எருடைட்’ (erudite) என்று எழுதினால் பாராட்டா, குத்தலா?

தம்பி, கட்டுரையில் ஆசிரியர் ‘எருடைட், பட் வேர் இஸ் யுவர் ஆர்க்யுமென்ட்?’ என்று எழுதி 58 போட்டிருக்கிறார், இது பாராட்டா திட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, பகுதிநேர வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் மாணவர் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். விதிகள் அடிக்கடி மாறும், என் காலத்துக் கதை உதவாது.

முதலில் 58-க்குப் பயப்படாதீர்கள். பிரிட்டனில் முதுகலைக்கு 50 எடுத்தால் பாஸ், 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஊரில் வாங்கிய 95-ஐ மறந்துவிடுங்கள்.

எருடைட் என்றால் நிறைய நூல் கற்றவர், எருடிஷன் என்றால் அந்தப் புலமை. லத்தீனில் ‘ரூடிஸ்’ என்றால் பண்படாதது, அதைக் கடந்து வந்தவர் என்பது மூலப்பொருள். மரியாதை இல்லாதவனைச் சொல்லும் ‘ரூட்’ பிறந்ததும் அதே ரூடிஸில்தான். ஆனால் இது ஏட்டுப் படிப்புக்கான சொல். எவ்வளவு கைதேர்ந்த பிளம்பரானாலும் ‘நாலெஜபிள்’ என்பார்களே தவிர எருடைட் என்று சொல்ல மாட்டார்கள். கோர்ட்டில் வக்கீல்கள் எதிர்த்தரப்பு வக்கீலை ‘மை லேர்னிட் ஃப்ரெண்ட்’, அதாவது கற்றறிந்த என் நண்பர், என்பார்கள். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நையாண்டி என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுக்கு வந்ததும் அந்த ரகம்தான். இந்த நாட்டுக்காரர்கள் பேச்சில் ‘பட்’டுக்கு முன்னால் வருவது உபசாரம், பின்னால் வருவதுதான் சங்கதி. நிறையப் படித்திருக்கிறாய், உன் வாதம் எங்கே என்கிறார்.

இந்தச் சொல்லை உங்களைப் பற்றி நீங்களே எழுதிவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் சிவியில் ‘ஐ ஆம் ஆன் எருடைட் பெர்சன்’ என்று பார்த்திருக்கிறேன். அடுத்தவர் சொல்ல வேண்டியது அது. நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக் கிடைத்தால் போதும், சிலர் அகராதியையே கொட்டுகிறார்கள். கேட்பவர்கள் எல்லாம் தமிழர்கள்!

எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த வாத்தியாருக்கு நீளமான சொல் என்றால் உயிர். அந்த நடையில் நான் எழுதிய கடிதத்தை முதல் ஆபீஸில் மேலாளர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து, ‘வெரி எருடைட்’ என்று சிரித்தார். அவருக்கு ஸ்பெல்லிங் சரியாக வராது, அது வேறு விஷயம். அப்புறம் நான் சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு மாறினேன். இப்போது எங்கள் தெருவில் பார்க்கிங் அபராதம் வந்தால் வெள்ளைக்காரர்களே என்னிடம்தான் வருகிறார்கள். நாலு வரி எழுதித் தருவேன், பாதிக்குப் பாதி ரத்தாகிவிடுகிறது.