கொழும்பிலிருந்து டுபாய்க்கு விமானத்தில் எத்தனை மணித்தியாலம்? டிக்கெட்டில் 3 என்று தெரிகிறது, சிலர் நாலரை என்கிறார்கள், எது சரி?

நாலரைதான் சரி. இரண்டு ஊருக்கும் இடையே ஆகாய வழியில் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர். டிக்கெட்டில் புறப்படுவது நம்ம நேரம், இறங்குவது டுபாய் நேரம், அங்கே நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தி. அதனால்தான் 3 போலத் தெரிகிறது. திரும்பி வரும்போது இதே கணக்கு மாறி, கிட்டத்தட்ட 6 என்று காட்டும், பயந்துவிட வேண்டாம்.

எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அம்மா டுபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்குப் பதினாறு வயது. டிக்கெட்டில் மாலை 6.10, இறங்குவது இரவு 9.10. அனுப்பிய ஏஜென்சிக்காரரும் “மூணு மணித்தியாலந்தான்” என்றார். அம்மாவை ஏற்றிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஒன்பதே காலிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா வளைவுக்கு வளைவு “அடிச்சிச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அழைப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த மூன்று மணித்தியாலம் நாங்கள் பட்டது இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் எங்களைப் போல மலையகத்தில் ஹட்டன் பக்கம்தான், வீட்டிலிருந்து யாரையோ அனுப்பப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் விமானத்தைவிட கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதைத்தான் பெரிதாக யோசிக்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கத்திலிருக்கும் எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, காலை 7 மணிக்கு வேனில் புறப்பட்டோம். கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. விமான நிலையத்துக்குள் நுழையும்போது மாலை 5 மணி. 200 கிலோமீற்றர்கூட வராத பாதைக்குப் பத்து மணித்தியாலம்! கவுண்டரை மூடப்போகும் நேரம். மடியிலேயே வைத்திருந்த ரொட்டிப் பார்சலை அம்மா பிரிக்கவே இல்லை. அதை என் கையில் திணித்துவிட்டு, நைலோன் கயிறு கட்டிய பையோடு உள்ளே ஓடினார்.

கொழும்பில் இருப்பவர்கள் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அந்தப் பாதையில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரயிலில் போகலாமே என்றும் யாராவது கேட்பார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு 173 கிலோமீற்றர், அதற்கே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும், அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வந்த மருத்துவப் பரிசோதனைக் கடிதம் தோட்ட ஆபீசில் பன்னிரண்டு நாள் கிடந்தது. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, எல்லாருடைய கடிதமும் ஆபீசுக்குத்தான் போகிறது. பிந்திப் போனதற்கு ஏச்சு வாங்கியது அம்மா. இத்தனை தலைமுறையாக அதே காம்பராவில் இருக்கிறோம், கதவில் ஒரு இலக்கம் போட்டுத்தர இவ்வளவு காலமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாலை விமானம் என்றால் முதல் நாளே இறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுங்கள். டிக்கெட்டில் இருக்கும் இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணித்தியாலம் கூட்டி ஒரு துண்டில் எழுதி, வீட்டில் இருப்பவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.