சேமிச்சாச்சு என்கிறது, திறந்தால் காணோம்!

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஏபாப் (எஸ்ஏபி மென்பொருளின் நிரல்மொழி) புரோகிராமராக வேலை. எங்கள் கிளையன்ட் ஒரு மசாலா கம்பெனி. ஒவ்வொரு பொருளையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி எக்ஸெல்லில் கொடுத்திருக்கிறார்கள். மொழிக்கான நெடுவரிசையில் 'இஎன்', 'டிஏ' என்று இருக்கிறது. லூப் போட்டு, உரையைச் சேமிக்கும் சேவ்_டெக்ஸ்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன், இரண்டுக்குமே சப்ஆர்சி பூஜ்யம்தான் (பிழை இல்லை என்று அர்த்தம்) வருகிறது. பொருள் விவரத் திரையான எம்எம்02-இல் திறந்து பார்த்தால் ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் காலி. கமிட் (டேட்டாபேஸில் உறுதிசெய்யும் கட்டளை) போடாததுதான் காரணம் என்கிறார் டீம் லீட். சரிதானா?
(ஆர்.எஸ்., பெருங்குடி)

பதில்: கமிட் காரணமாக இருந்தால் ஆங்கிலமும் சேமிப்பாகியிருக்காதே! உங்கள் தமிழ் தொலையவில்லை, துருக்கியில் இருக்கிறது. அட்டவணைகளைப் பார்க்கும் எஸ்இ16 திரையில், உரைகளின் பட்டியலான எஸ்டிஎக்ஸ்எச் அட்டவணையைத் திறந்து அந்தப் பொருளின் எண்ணைப் போட்டுப் பாருங்கள், மொழி 'டிஆர்' என்று ஒரு வரிசை நிற்கும்.

எஸ்ஏபி உள்ளுக்குள் மொழியை ஒற்றை எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு 'இ', ஜெர்மனுக்கு 'டி' (பெர்லினில் வருகிற டி), துருக்கிக்கும் ஒரு 'டி', அது டீக்கடையில் எழுதுகிற டி. சேவ்_டெக்ஸ்ட்டுக்கு உரையோடு கொடுக்கிற ஹெடரில் (தலைப்புத் தகவல்) மொழிக்கான டிடிஸ்ப்ராஸ் ஒரு எழுத்து மட்டுமே பிடிக்கிற ஃபீல்ட், அதில் எக்ஸெல்லிலிருந்து வந்த 'டிஏ'வை அப்படியே போட்டால் ஏபாப் சத்தமே இல்லாமல் இரண்டாவது எழுத்தை வெட்டிவிட்டு முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது துருக்கியின் சாவி, அது செல்லுபடியாகும் மொழி, அதனால் சேவ்_டெக்ஸ்ட் சந்தோஷமாகச் சேமித்துவிட்டுப் பூஜ்யம் சொல்கிறது. 'இஎன்'னும் இதே மாதிரி வெட்டுப்பட்டதுதான், ஆனால் மிஞ்சியது 'இ', அதிர்ஷ்டவசமாக அது ஆங்கிலமே. நாளைக்கு கிளையன்ட் தெலுங்கும் சேர்க்கச் சொன்னால் அதுவும் 'டி'யில்தான் ஆரம்பிக்கும், தமிழின் மேலேயே போய் உட்காரும். ஹிந்தி கொடுத்தால் ஹங்கேரிக்குப் போகும்!

செய்ய வேண்டியது இதுதான்: கன்வெர்ஷன்_எக்ஸிட்_ஐசோலா_இன்புட் ஃபங்ஷனுக்கு 'டிஏ'வைக் கொடுத்து, அது திருப்பித் தருகிற ஒற்றை எழுத்தை ஹெடரில் போடுங்கள். அல்லது மொழிகளின் அட்டவணையான டி002-இல் லாய்சோ (இரண்டெழுத்துக் குறி) 'டிஏ' என்று தேடி ஸ்ப்ராஸை (ஒற்றை எழுத்துச் சாவி) எடுங்கள். வருவது ஏ, பி, சி மாதிரி பழகிய எழுத்தாக இருக்காது, விசித்திரமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அப்புறம் மறக்காமல் அந்தத் துருக்கி வரிசைகளை டெலீட்_டெக்ஸ்ட் வைத்துத் துடைத்துவிடுங்கள்.

டீம் லீட் சொன்னதை அடியோடு தள்ளவும் வேண்டாம். சேவ்_டெக்ஸ்ட்டைக் கூப்பிடும்போது சேவ்மோட்_டைரக்டில் 'எக்ஸ்' போட்டால் நேராக டேட்டாபேஸுக்குப் போகும். போடாவிட்டால் டெக்ஸ்ட் ஆப்ஜெக்டைப் பொறுத்து கமிட்_டெக்ஸ்ட்டோ கமிட் வொர்க்கோ தேவைப்படும். பொருளின் எண் வெறும் இலக்கங்களாக இருந்தால் முன்னால் பூஜ்யங்கள் சேர்த்து 18 இடம் வருகிறதா என்றும் பாருங்கள். 1042 என்று மட்டும் டிடிநேமில் (ஹெடரில் உரையின் பெயருக்கான ஃபீல்ட்) போனால் அந்த உரையும் யார் கண்ணிலும் படாது.

கேள்வி: அம்பத்தூரில் லேபிள் அச்சிடும் பிரிவில் இருக்கிறேன். நீளமான தமிழ்க் குறிப்புகளில் சில இடங்களில் ஒரு எழுத்து உடைந்து, நடுவே புள்ளி வட்டம் விழுகிறது. மொழிபெயர்த்தவர் தப்பா?
(ஒரு வாசகி)

பதில்: பாவம், அவரை விடுங்கள். சேமிக்கிற புரோகிராம் வரியை வெட்டிய இடம் தப்பு. எஸ்ஏபியில் இந்த உரைகள் வரிக்கு 132 இடமாகப் பிரித்துத்தான் வைக்கப்படுகின்றன, கணினி எண்ணுவதும் நாம் எண்ணுகிற எழுத்தை அல்ல. 'மஞ்சள்தூள்' நமக்கு 6 எழுத்து, அதற்கு 10 இடம், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும், தூவில் இருக்கிற ஊகாரக் குறிக்கும் தனித்தனி இடம். 132-இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் 'போட்டு' என்ற சொல்லில் 'ப' இந்த வரியிலும் ஓகாரக் குறி அடுத்த வரியிலும் போய் நிற்கும். அடுத்த வரியின் டிடிஃபார்மட் (வரியை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் ஃபீல்ட்) காலியாக இருந்தால் சேர்க்கும்போது நடுவில் ஒரு இடைவெளியையும் நுழைத்துவிடும், வட்டம் வருவது அதனால்தான்.

உங்கள் ஐடி ஆட்களிடம் 132-க்குள் வருகிற கடைசி இடைவெளியில் வெட்டச் சொல்லுங்கள். சொல்லின் நடுவே வெட்டியே ஆக வேண்டும் என்றால் டிடிஃபார்மட்டில் சமக்குறி போடட்டும், இடைவெளி இல்லாமல் ஒட்டும். புதுப் பத்தி தொடங்கும் இடத்தில் நட்சத்திரக் குறி.

கேள்வி: திரையில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, பிரிண்டரில் வெறும் # # # வருகிறதே?
(கே., கிண்டி)

பதில்: சேமித்ததில் குறையில்லை. பிரிண்டருக்கு எஸ்ஏபியில் ஒதுக்கிய டிவைஸ் டைப்புக்குத் (பிரிண்டர் வகை அமைப்பு) தமிழ் எழுத்துகள் தெரியாததால் அவற்றின் இடத்தில் # போடுகிறது. பிரிண்டர்களை அமைக்கும் எஸ்பிஏடி திரையில் யூனிகோட் டிவைஸ் டைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம், அதற்கு பேசிஸ் ஆட்களை (எஸ்ஏபி சிஸ்டத்தைப் பராமரிப்பவர்கள்) பிடியுங்கள்.