சிடி பிளேயர் ட்ரே வெளியே வர மறுக்கிறதா? பெல்ட்டைப் பாருங்கள்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் பழைய சிடி பிளேயர் இருக்கிறது. ஓப்பன் பட்டனை அழுத்தினால் 'உர்ர்' என்று சத்தம் மட்டும் வருகிறது, ட்ரே வருவதில்லை. மேலே ஒரு தட்டு தட்டினால் சில நேரம் வரும். கடையில் கேட்டால், 'இதையெல்லாம் இப்போ யார் சார் பார்க்கிறாங்க' என்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். அந்த 'உர்ர்' நல்ல அறிகுறி. பட்டனும் மோட்டாரும் வேலை செய்கின்றன, ஆனால் சுழற்சி ட்ரேவுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. அது நாளாக ஆகத் தளர்ந்து, வழவழப்பாகி, தான் மாட்டியிருக்கும் குட்டிச் சக்கரமான புல்லியில் வழுக்கும். சென்னை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். சத்தமே இல்லை என்றால் பட்டனையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். 'கட கட' என்றால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கும்.

தட்டினால் ஏன் வருகிறது? சிடியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் வட்டில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். ட்ரே நகர்வதற்கு முன் லேசர் பகுதி கீழே இறங்கி, அந்தக் காந்தப் பிடி விட வேண்டும். அந்த முதல் இழுப்பில்தான் தளர்ந்த பெல்ட் தோற்றுப்போகிறது. தட்டும்போது அந்தப் பிடி சற்று விட்டுக்கொடுக்கிறது. காலியாக மூடினால் காந்தம் இன்னும் நெருங்கி ஒட்டும். அதனால் பெல்ட் மாற்றும் வரை வேண்டாத சிடி ஒன்றை உள்ளேயே விட்டு வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்று நேரம் கழித்து மேல்மூடியைக் கழற்றுங்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் பாகமான கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கும், அதனால் பவர் சப்ளை பக்கம் கை போக வேண்டாம். ட்ரேயை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவும் வேண்டாம். புல்லியை விரலால் மெதுவாகச் சுற்றினால் ட்ரே தானே வெளியே வரும். பெல்ட்டை ட்வீசரால் எடுத்து, புல்லிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். சில சமயம் இதற்கே சரியாகிவிடும். பழைய பெல்ட்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

புது பெல்ட்டுக்குப் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். பழையது நீண்டிருக்கும், எனவே அதைவிடச் சுற்றளவில் 5 முதல் 10 சதவீதம் சிறியதாக வாங்குங்கள். ரொம்ப இறுக்கமானால் மோட்டார் திணறும். ரூபாய் நோட்டுக் கட்டும் ரப்பர் பேண்ட் சில வாரம்கூடத் தாங்காது. வழுவழுவென்று ஓடத் தேங்காய் எண்ணெயா, வேண்டவே வேண்டாம்! பல்சக்கரத்துக்கு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸ் துளி போதும், அது பெல்ட்டில் படக்கூடாது.

புது பெல்ட் போட்ட பிறகும் ட்ரே முழுதாக வந்து தானே உள்ளே போனால், ட்ரே எங்கே நிற்கிறது என்று காட்டும் குட்டி ஸ்விட்சைப் பாருங்கள். கடல்காற்றுப் படும் உங்கள் பகுதியில் அதன் காண்டாக்ட்டில் களிம்பு ஏறியிருக்கலாம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூடியை மாட்டிவிட்டே பிளக்கைச் செருகுங்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, எரிகிறதா என்று குனிந்து பார்த்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணைக் கெடுத்துவிடும்.