பில் கிளார்க் போய்விட்டால் யாரைக் கேட்பது?

வணக்கம் சார்,

நீங்கள் அரசு ஊழியர் சங்கங்களுக்கு ஆதரவாகவே எழுதுகிறீர்கள். நான் சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். எங்கள் சம்பளம், லீவு எல்லாவற்றையும் வேறொரு ஊரில் இருக்கும் ஒரே குழுதான் பார்க்கிறது. ஒரு குறையும் இல்லை. என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. ஓர் அரியர் பில்லுக்காக அவர் பில் கிளார்க் முன்னால் நின்ற கதை எனக்குத்தான் தெரியும். ‘கவனித்த’ பிறகே அது நகர்ந்தது. எல்லாத் துறைகளின் மனிதவள வேலையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை ஒழியுமே? மாமூல் போய்விடும் என்ற பயத்தில்தானே சங்கங்கள் எதிர்க்கின்றன?

— ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமூல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சங்க மேடைகளில் இதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள் என்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பில் கிளார்க்கின் மேசையை எடுத்துவிட்டால் தொல்லை ஒழியும் என்கிறீர்களே, அதைக் கனடா செய்து பார்த்துவிட்டது.

அங்கே மத்திய அரசு ஊழியர்கள் கிட்டத்தட்ட 2,90,000 பேருக்குச் சம்பளம் போட ‘ஃபீனிக்ஸ்’ என்று ஒரு மென்பொருள் வாங்கினார்கள். கூடவே 46 துறைகளில் சம்பள வேலை பார்த்துவந்த சுமார் 1,200 பேரின் இடங்களை ஒழித்து, மிராமிச்சி என்ற சிற்றூரில் ஏறக்குறைய 550 பேர் கொண்ட ஒரு மையம் அமைத்தார்கள். (ஏன் அந்த ஊர்? துப்பாக்கிப் பதிவகத்தை மூடியதில் அங்கே வேலைகள் போயின, அதற்கு ஈடு. நம்மூர் அரசியல் மாதிரியே இருக்கிறதா?) ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். அவசரப்படாதீர்கள், தள்ளிவையுங்கள் என்று சங்கங்கள் சொல்லிப் பார்த்தன. 2016 பிப்ரவரியில் தொடங்கியேவிட்டார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு நடுவில் தீராத சம்பளப் பிரச்சினையோடு 1,50,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். ஒரு துறையில் மட்டும் முன்னோட்டம் பார்க்க இருந்ததையும் செலவுக்கும் நாளுக்கும் பயந்து கைவிட்டிருந்தார்கள் என்று அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் 2018-ல் எழுதினார்.

மென்பொருள் கோளாறு என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரு நர்ஸ் ஷிப்ட் மாறினார், இன்னொருவர் பொறுப்புப் பதவி பார்த்தார் என்பதெல்லாம் தெரிந்திருந்த ஆட்கள் துறைகளில் இல்லாமல் போனதுதான் சிக்கலை அவிழ்க்க முடியாமல் செய்தது. உங்கள் கம்பெனியில் எத்தனை வகை ஊதிய விதி இருக்கும்? இங்கே தேர்வுநிலை, சிறப்புநிலை, தகுதிகாண் பருவம், ஈட்டிய விடுப்பு சரண், இதற்கு மேல் துறைக்குத் துறை தனி விதிகள்.

தமிழ்நாட்டில் நடந்திருப்பது இதில் பாதி. 2019-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், இன்று எல்லோரும் ‘களஞ்சியம்’ என்று சொல்வது, எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுபோனது. இனிஷியேட்டர் (பில்லைத் தொடங்குபவர்), வெரிஃபையர் (சரிபார்ப்பவர்), அப்ரூவர் (ஒப்புதல் தருபவர்) என்று மூன்று கை மாறித்தான் பில் நகர்கிறது என்றாலும், அந்த மூன்று பேரும் துறைக்குள்ளேயே, பெயர் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. எந்த பில் யார் கையில் நிற்கிறது என்று பார்க்க முடிவதால் மாமூலுக்கும் கொஞ்சம் இடைஞ்சல். இதையும் ஒழித்து, புகாருக்கு ஒரு டிக்கெட் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பப்போகிறார்களோ என்பதுதான் பயம்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. 2022-ல் மனிதவளச் சீர்திருத்தக் குழு அமைத்து அரசாணை 115 வந்ததே, வெளி முகமை வழியாக ஆள் எடுப்பதையும் ஆராயச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் ஆய்வு வரம்புகள் ரத்தாயின. அன்றிலிருந்து ‘சீர்திருத்தம்’ என்று கோட்டையிலிருந்து யார் தும்மினாலும் சேப்பாக்கத்தில் கூட்டம் கூடிவிடுகிறது.

எனக்குச் சங்கங்களோடு உள்ள குறை வேறு. ‘கைவிடு, கைவிடு’ என்று மட்டும் கேட்கிறார்கள். தவறைத் திருத்தும் அதிகாரம் அந்தந்த அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், மனுவுக்கு இத்தனை நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும், அதுவரை பழைய சம்பளம் நிற்கக் கூடாது என்று கேட்டால் உங்களைப் போன்றவர்களும் கூட நிற்பீர்கள். லஞ்சம் வாங்கும் கிளார்க்கை இடமாற்றம் செய், காப்பாற்றாதே என்றும் சேர்த்துக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்புறம், உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: களஞ்சியத்தில் தன் பணியேற்ற தேதி, விடுப்புக் கணக்கு, ஊதிய நிர்ணயம் மூன்றையும் பழைய காகித எஸ்.ஆரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை இருந்தால் இப்போதே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுவது நல்லது.