ஜாவாவா, சி ஷார்ப்பா?

கேள்வி: கல்லூரியில் பைதான் கற்றிருக்கிறேன். அடுத்து ஜாவா, சி ஷார்ப் ஆகிய இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றை ஆழமாகப் படிக்க விரும்புகிறேன். முதலில் என் மாமாவின் கடையில் உள்ள விண்டோஸ் கணினியில் ஓடும்படி ஒரு விற்பனைக் கணக்கு மென்பொருளைச் செய்து தர வேண்டும். பிறகு எபேன் சைபர் நகரில் வேலை தேட எண்ணம். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டையும் சேர்த்தே கற்கலாமா?
— வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: சி ஷார்ப்பில் தொடங்குங்கள். அது ஜாவாவைவிட உயர்ந்தது என்பதற்காக அன்று. நீங்கள் முதலில் செய்யப்போவது விண்டோஸ் கணினிக்கான மென்பொருள், அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் கருவிகள் இந்த மொழியை மையமாகக் கொண்டவை என்பதற்காகவே. ஜாவாவிலும் இதைச் செய்ய முடியும், ஆனால் உழைப்பு கூடும்.

கடைக் கணக்கு என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. ரூபாயையும் சதத்தையும் சாதாரண மிதவைப் புள்ளி எண்களில் (பின்னங்களைக் கணினி வழக்கமாக வைக்கும் வகை) வைத்தால், 0.1 போன்ற எளிய பின்னத்தைக்கூட 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் துல்லியமாக எழுத முடியாததால், 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியைக் கணக்கிட்டுப் பல விலைச்சீட்டுகளைக் கூட்டும்போது சதங்கள் பிசகக்கூடும். சி ஷார்ப்பில் பணத்துக்கு ஏற்ற டெசிமல் என்னும் எண்வகை மொழியிலேயே இருப்பதால் வழக்கமான கூட்டல், பெருக்கல் குறிகளையே அதற்குப் பயன்படுத்தலாம். ஜாவாவில் பிக்டெசிமல் என்னும் வகுப்பை நாடி, ஒவ்வொரு கூட்டலையும் குறியால் அன்றி, ஒரு செயற்கூறின் அழைப்பாக எழுத வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் கற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜாவாவை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் சி ஷார்ப்பை 2000இல் அறிவித்தது. எழுதும் முறையும், வகுப்புகளும், தேவையற்ற நினைவகத்தைத் தானாகவே விடுவிக்கும் ஏற்பாடும் இரண்டிலும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், வேறுபடும் இடங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. சி ஷார்ப்பில் இரண்டு சரங்களை (எழுத்துத் தொடர்களை) இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால் அவற்றின் எழுத்துகளே ஒப்பிடப்படும். ஜாவாவில் அதே குறி, இரண்டும் நினைவகத்தில் ஒன்றேதானா என்று மட்டுமே பார்க்கும். எழுத்துகளை ஒப்பிட ஈக்குவல்ஸ் என்று எழுத வேண்டும். நிரலுக்குள் நேரடியாக எழுதிய சரங்களை வைத்துச் சோதிக்கும்போது ஜாவாவிலும் சமக்குறி சரியான விடையே தருவதுபோல் தோன்றும். விசைப்பலகையில் தட்டிய சரக்குக் குறியீட்டைப் பட்டியலில் தேடும்போதுதான், கண்முன் இருக்கும் சரக்கை நிரல் இல்லை என்று சொல்லும். நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி இதைப் பிழையாகக் காட்டாது என்பதால், புதிதாகக் கற்பவர் காரணம் புரியாமல் வீணாகத் தவிப்பார்.

சி ஷார்ப் விண்டோஸை விட்டு நகராது என்பது பழைய பேச்சு. 2016இல் சி ஷார்ப் நிரல்களை இயக்கும் டாட்நெட் கோர் என்னும் தளம் வந்தது முதல் அம்மொழி லினக்ஸிலும் மேக்கிலும் முறையாக இயங்குகிறது. எபேனைப் பொறுத்தவரை, அங்குள்ள நிறுவனங்களில் பல வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக உழைப்பவை. மொழியை வாடிக்கையாளரே முடிவு செய்வதும் உண்டு. ஆகவே இப்போதிருந்தே வேலை அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்து, எந்த மொழியை எந்தத் துறை கேட்கிறது என்று குறித்து வாருங்கள். நீங்கள் விரும்பும் இடம் ஜாவாவைக் கேட்குமானால், மாமாவின் மென்பொருளை முடித்த பிறகு, அதன் விலைச்சீட்டுப் பகுதியை மட்டும் ஜாவாவில் மறுபடி எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன இரு வேறுபாடுகளும் அங்கேயே எதிர்ப்படும்.