பினாங்கில் மேயராகி நாடாளுமன்றம் செல்ல முடியுமா?

வணக்கம் ஐயா. இந்தோனேசியாவின் ஜோக்கோவியைப் போல முதலில் மேயராகி, பிறகு தேசிய அரசியலுக்குப் போக விரும்பும் உங்கள் தம்பி மகன் பினாங்கில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஜோக்கோவி 2005இல் சோலோ நகர மேயராகவும், 2012இல் ஜகார்த்தா ஆளுநராகவும், 2014இல் அதிபராகவும் மக்கள் வாக்கால் தேர்வானவர். நம் மலேசியாவில் அந்த முதல் படியே இல்லை. 1957இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மாநகரானபோது தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர் அதன் முதல் மேயரானார்; அவர் பெயரில் இன்றும் இங்கு ஒரு சாலை உண்டு, அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவே இருக்கும். ஆனால் 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்திவிட்டது. இன்று மேயரை நியமிப்பது மாநில அரசு.

ஆகவே, உங்கள் தம்பி மகன் ஒரு கட்சியின் கிளையில் சேர்ந்து உழைத்து, மாநகர் மன்ற உறுப்பினர் நியமனத்தை நாடுவதே நடைமுறைக்கு உகந்த வழி. அங்கிருந்து சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போட்டியிடலாம். அடைத்த சாக்கடையும் அங்காடிக் கடை உரிமமும் சிறிய வேலைகள் என்று அவர் எண்ண வேண்டாம். சோலோவில் பன்ஜார்சாரி பூங்காவின் தெருவோர வியாபாரிகளை இடம் மாற்ற, ஜோக்கோவி காவலரை ஏவாமல், அவர்களைத் திரும்பத் திரும்ப விருந்துக்கு அழைத்து உடன் அமர்ந்து உண்டார். அவர்கள் ஊர்வலமாகப் புதிய சந்தைக்குச் சென்றார்கள். நாடு அவரைத் திரும்பிப் பார்த்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.